வழி சமைத்த வள்ளல் தோராப்ஜி டாட்டா

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா வயல் வேலை செய்கிறவர். கையெழுத்துப் போடுவார், படிவம் நிரப்பத் தெரியாது. ஆகவே ஏழாம் வகுப்பிலிருந்தே, தெருவில் எவருக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமானாலும், முதியோர் உதவித் தொகைக்கு மனுப் போட வேண்டுமானாலும், அழைப்பு எனக்குத்தான் வரும். ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்த எனக்கு, என் பெயர் எழுதிய படிவம் ஒன்று உரிய இடத்தைச் சென்று சேராத கதையும் உண்டு. அதைச் சொல்லித் தொடங்குவதே முறை.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கையில் 1500 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். விடியுமுன் சானல் கரையில் ஓடிப் பழகியவள் நான். அண்ணன் சைக்கிளில் துணைக்கு வருவான். கும்பப்பூ அறுப்பு முடிந்துவிட்டால் காய்ந்த வயல்களிலும் ஓடுவேன். அடுத்த கட்டப் போட்டிக்கு என் பெயர் சென்றிருக்க வேண்டும். செல்லவில்லை. விசாரித்தபோது, படிவத்தில் விழ வேண்டிய ஒரு கையெழுத்து விழவில்லை என்றார்கள். அதை யார் போட்டிருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். எவரையும் குறைகூற இதை எழுதவில்லை. அன்றிரவு அப்பா, காலுக்கு ஒன்றும் ஆகவில்லையே மக்கா, அது போதும் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். எனக்கு அது போதவில்லை. கால் மட்டும் இருந்தால் போதுமா என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

கல்லூரியில் சேர்ந்த பிறகு நூலகத்தில் அக்கேள்விக்கு விடை தேடினேன். ஊரில் ஓடுகிற ஒரு பெண் உலகப் போட்டிவரை போக வேண்டுமானால் எத்தனை கையெழுத்து வேண்டும்? இறுதிக் கையெழுத்து யாருடையது? ஒலிம்பிக் போட்டியைப் பொறுத்தவரை அது இந்திய ஒலிம்பிக் சங்கத்தினுடையது. அச்சங்கத்தின் முதல் தலைவர் யார் என்று பார்த்தபோது எனக்குப் பெருவியப்பு உண்டாயிற்று. இரும்பாலைக்கு உரியவர் என்று மட்டுமே நான் எண்ணியிருந்த சர் தோராப்ஜி டாட்டாவே அவர். அப்பெருமகனின் வாழ்க்கையை என் சிற்றறிவுக்கு எட்டியவரை இங்கே வரைகிறேன்.

இளமையும் கல்வியும்

தோராப்ஜி 1859-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் நாள் பம்பாயில் பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை ஜாம்ஷெட்ஜி டாட்டா, தாய் ஹீராபாய். மூத்த மகன் இவரே. பள்ளிப் படிப்புக்குப்பின் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் ஈராண்டுகள் பயின்றார். அங்கே ஏட்டுக் கல்வியோடு மைதானக் கல்வியும் பெற்றார். கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் தம் கல்லூரிக்காக ஆடினார். படகு வலித்தார், குதிரை ஏறினார், குறு ஓட்டப் பந்தயங்களில் வென்றார். ஓடுகிறவனின் மூச்சிரைப்பை உடலால் அறிந்தவர் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த செயலுக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

1879-இல் தாயகம் திரும்பி, பம்பாய் தூய சவேரியார் கல்லூரியில் பயின்று 1882-இல் பட்டம் பெற்றார். செல்வர் மகனாயினும் உடனே தந்தையின் நாற்காலிக்கு அருகில் போய் அமரவில்லை. ஈராண்டுகள் பத்திரிகையில் பணியாற்றிய பிறகே, 1884-இல் தந்தையின் பருத்தித் தொழிலில் நுழைந்தார். தந்தை அவரை முதலில் அனுப்பிய இடங்களுள் ஒன்று நம் புதுச்சேரி. அங்கே நூற்பாலை தொடங்கினால் ஆதாயம் உண்டா என்று ஆய்ந்துவர வேண்டியது அவருக்கு இடப்பட்ட பணி. பின்னர் நாகபுரி எம்பிரஸ் ஆலையில் தொழில் பழகினார்.

அவர் மணந்த மெஹர்பாய் அம்மையார், மைசூர் சமஸ்தானக் கல்வித் துறையில் உயர் பதவி வகித்த ஹோர்முஸ்ஜி பாபாவின் மகள். அணு விஞ்ஞானி ஹோமி பாபாவுக்கு அத்தை முறை. அம்மையார் சேலை உடுத்தியபடியே டென்னிஸ் ஆடிப் பரிசுகள் பல பெற்றவர். பெண் ஓடினால் தெருவே திரும்பிப் பார்க்கும் ஊரில் வளர்ந்த எனக்கு, நூறாண்டுகளுக்கு முன்னர் ஒரு பெண் அப்படி ஆடினார் என்பதும், கணவர் அதைப் பெருமையாகக் கொண்டார் என்பதும் மகிழ்ச்சியளித்தன. இவ்விணையருக்குப் பிள்ளைப் பேறு வாய்க்கவில்லை.

தந்தையின் கனவும் தனயனின் உழைப்பும்

இரும்பாலை, விஞ்ஞானக் கழகம், நீர்மின் நிலையம் ஆகியவை ஜாம்ஷெட்ஜியின் பெருங்கனவுகள். அவை கைகூடுமுன்னரே 1904-இல் அவர் காலமானார். மீதிப் பாரம் மகன்மீது விழுந்தது. தந்தையின் காலத்திலேயே இரும்புத் தாது தேடி, அறிஞர் துணையோடு மத்திய மாகாணக் காடுகளில் அலைந்தவர் தோராப்ஜி. 1907-இல் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி தொடங்கப்பட்டது; வேண்டிய முதலை இந்திய மக்களிடமே பங்குகளாகத் திரட்டினர். 1912-இல் முதல் எஃகு வார்க்கப்பட்டது. சாக்சி என்ற அச்சிற்றூர் பின்னர் ஜாம்ஷெட்பூர் ஆயிற்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் நீர்மின் திட்டமும் அடுத்தடுத்து உருப்பெற்றன. 1910-இல் சர் பட்டம் அவரை அடைந்தது.

ஒருவர் இத்துடன் ஓய்ந்திருந்தாலும் வரலாறு அவரை மறந்திராது. ஆனால் அறுபதாவது அகவையில் அவர் வேறொரு வேலையைத் தோள்மேல் தூக்கினார்.

பூனாவில் கண்ட காட்சி

பூனா நகரில் டெக்கான் ஜிம்கானா என்றொரு விளையாட்டுக் கழகம் இருந்தது. தோராப்ஜி அதன் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தார். 1919-ஆம் ஆண்டளவில் அங்கு நடந்த ஓட்டப் பந்தயங்களை அவர் நேரில் கண்டார். ஓடியவர்கள் உழவர் வீட்டுப் பிள்ளைகள். காலில் செருப்பில்லை, பந்தய விதிகளையும் அறியார். ஆயினும் அவர்கள் ஓடி முடித்த நேரத்தைக் கணக்கிட்டபோது, ஐரோப்பிய வீரர்களோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. விழாவுக்கு வந்திருந்த பம்பாய் கவர்னர் சர் ஜார்ஜ் லாயிடிடம், 1920-இல் ஆன்ட்வெர்ப் நகரில் நடக்கவிருக்கும் ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியக் குழு ஒன்றை அனுப்பினால் என்ன என்று தோராப்ஜி கேட்டார்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். வெறுங்காலோடு ஓடிய உழவர் பிள்ளைகளை அதற்கு முன்பும் பலர் பார்த்திருப்பார்கள்; கைதட்டியும் இருப்பார்கள். இவர்களை அனுப்ப வேண்டியவர் யார் என்று கேட்டவர் இவர் ஒருவரே.

அக்கேள்விக்கு அன்று விடை இல்லை. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சார்ட் ஓடி இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார். அவரை அனுப்பிய இந்திய அமைப்பு என்று ஒன்றுமில்லை. அக்காலத்தில் தனி ஆள் தானே போய்ப் பெயர் கொடுக்க முடிந்தது. ஆனால் 1908-ஆம் ஆண்டு இலண்டன் போட்டி முதல், அந்தந்த நாட்டின் ஒலிம்பிக் குழு வழியாக வரும் பெயர்களே ஏற்கப்பட்டன. ஆகவே வீரன் இருந்தால் மட்டும் போதாது. அவனை எங்கள் நாட்டவன் என்று எழுதிக் கொடுக்க ஒரு குழுவும் வேண்டும்.

தோராப்ஜி ஒரு குழுவைக் கூட்டினார். செலவில் ஒரு பகுதியைத் தம் கைப்பணத்திலிருந்தே கொடுத்தார். விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய ஓட்டக்காரர்களும் மல்லர்களும் ஆன்ட்வெர்ப் சென்றார்கள். பதக்கம் எதுவும் கிட்டவில்லை. ஆனால் இந்தியா என்ற பெயரில் ஒரு குழு முதன்முதலாக அங்கே நின்றது. அதே 1920-இல் அனைத்துலக ஒலிம்பிக் குழுவில் தோராப்ஜி உறுப்பினரானார். இந்தியாவிலிருந்து அப்பொறுப்பை ஏற்ற முதல்வர் அவரே.

சோதனை ஆண்டு

1924-ஆம் ஆண்டு அவருக்குச் சோதனை ஆண்டு. முதல் உலகப் போருக்குப் பிந்திய மந்தத்தில் எஃகு ஆலை தள்ளாடியது; தொழிலாளருக்குக் கூலி கொடுக்கவே பணமில்லாத நிலை வந்தது. தோராப்ஜி தம் சொந்தச் சொத்து முழுவதையும், மனைவியின் நகைகளையும், அவற்றுள் கோகினூரைவிடப் பெரியதான ஜூபிலி வைரத்தையும் சேர்த்து, இம்பீரியல் வங்கியில் ஈடு வைத்துக் கடன் பெற்றார். ஆலை பிழைத்தது.

அந்த ஆண்டிலும் அவர் ஒலிம்பிக்கை மறக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. 1924 பிப்ரவரியில் தில்லியில் அகில இந்திய ஒலிம்பிக் போட்டி நடந்தது. மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே ஓடித் தாண்டித் தங்கள் திறனைக் காட்ட, அவர்களிலிருந்து பாரிஸ் ஒலிம்பிக்கிற்குக் குழு பொறுக்கப்பட்டது. ஆன்ட்வெர்ப் குழு ஒரு பெருமகனின் கண்ணில் பட்டவர்களால் தொடங்கியது. பாரிஸ் குழு போட்டி வைத்துத் தேர்ந்தது. நாலாண்டுகளில் இது எவ்வளவு பெரிய மாற்றம்! அக்குழுவில் அன்றைய சென்னை மாகாணத்துக் கண்ணூரைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் 110 மீட்டர் தடையோட்டக்காரர். குழுவை அழைத்துச் சென்றவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவியவர். உடற்கல்வி ஆசிரியர் என்ற ஓர் இனமே நம் பள்ளிகளில் தோன்ற அக்கல்லூரி காரணமாயிற்று.

படிக்கட்டு

ஒருவரின் பணப்பை என்றைக்கேனும் வற்றும். ஒருவரின் ஆர்வம் அவரோடு முடியும். தொழில் நடத்தியவர் ஆதலால் தோராப்ஜி இதனை நன்கறிந்திருந்தார். பம்பாயில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான விளையாட்டுச் சங்கமும், பம்பாய் மாகாண ஒலிம்பிக் சங்கமும் அமைய அவர் துணை நின்றார். பிற மாகாணங்களிலும் அத்தகைய சங்கங்கள் எழ, ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரன் உழைத்தார். இவற்றின் முடிவாக 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது. தோராப்ஜி தலைவர், நோரன் செயலாளர், லாகூரைச் சேர்ந்த ஜி.டி. சோந்தி துணைச் செயலாளர்.

தேசிய ஒலிம்பிக் குழு என்பது யாது என்பதை இவ்விடத்தில் சுருங்கச் சொல்வது நலம். 1894-இல் பாரிசில் கூபர்தென் பிரபு முன்னின்று நிறுவிய அனைத்துலக ஒலிம்பிக் குழு உச்சியில் உள்ளது. அது நாட்டுக்கு ஒரு குழுவையே அங்கீகரிக்கும். இன்று அவ்வாறு 206 குழுக்கள் உள்ளன. ஒரு விளையாட்டுக்கு ஒரு தேசியக் கூட்டமைப்பு. அதற்குக் கீழே மாநிலச் சங்கம். அதற்கும் கீழே மாவட்டச் சங்கம். இதுவே ஒரு வீராங்கனை ஏறவேண்டிய படிக்கட்டு. ஒலிம்பிக்கில் இடம்பெற்ற விளையாட்டுகளில் குறைந்தது ஐந்தின் கூட்டமைப்புகளாவது சேர்ந்தால்தான் தேசியக் குழு அமைய முடியும். அக்குழுவின் வாக்குகளில் பெரும்பான்மை அக்கூட்டமைப்புகளுக்கே உரியது. வீரர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் வேண்டும். அந்நாட்டிலிருந்து அனைத்துலகக் குழுவில் உறுப்பினராக இருப்பவருக்கும் அதில் இடமும் வாக்கும் உண்டு. அரசாங்கம் தன் விருப்பப்படி ஆட்களை நியமிக்கக் கூடாது. இத்தனைக்கும் கைம்மாறாக அக்குழு பெறும் உரிமை ஒன்றுண்டு: ஒலிம்பிக் போட்டிக்கு அந்நாட்டின் பெயரால் ஆளனுப்பும் உரிமை. அது வேறெவருக்கும் இல்லை.

கணக்குப் பாடத்தில் ஒரு படி விடுபட்டால் விடை நிற்காது. இங்கும் அப்படித்தான். கீழ்ப்படியில் ஒரு கையெழுத்து விடுபட்டால், மேலே எவ்வளவு பெரிய மண்டபம் இருந்தும் பயனில்லை.

தோராப்ஜி இன்னொன்றும் செய்தார். 1928-லேயே தலைமைப் பதவியை விட்டு விலகினார். பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் அடுத்துத் தலைவரானார். அவருக்குப்பின் அவர் மகன், பின்னர் இன்னொரு மகன் என 1975 வரை அப்பதவி ஒரே அரச குடும்பத்தில் இருந்தது. அவர்கள் செய்த தொண்டைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆயினும் தாம் நட்ட மரத்தின் நிழலில் ஓராண்டுக்கு மேல் உட்காராமல் எழுந்துபோன அந்த முதல் தலைவரை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

1931-இல் மெஹர்பாய் அம்மையார் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். மறு ஆண்டு தோராப்ஜி தம் செல்வம் அனைத்தையும் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். 1932 ஜூன் 3-ஆம் நாள் ஜெர்மனியில் பாட் கிசிங்கன் என்னும் ஊரில் உயிர் நீத்தார். இங்கிலாந்தில் புருக்வுட் கல்லறைத் தோட்டத்தில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பணத்திலிருந்தே பம்பாயில் சமூகப்பணிக் கல்விக் கூடம் 1936-இலும், டாட்டா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை 1941-இலும் எழுந்தன.

அன்றும் இன்றும்

நிறுவனம் ஒன்றை எழுப்புவது ஒரு பாடு. அதைக் கறைபடாமல் காப்பது மறுபாடு. 2012 டிசம்பரில் தேர்தல் முறை, குற்றச்சாட்டுக்கு ஆளானவர்கள் போட்டியிட்டமை ஆகியவை தொடர்பாக, அனைத்துலகக் குழு இந்திய ஒலிம்பிக் சங்கத்தைத் தற்காலிகமாக விலக்கி வைத்தது. 2014 பிப்ரவரியில் ருஷ்யாவின் சோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியபோது, நம் வீரர் மூவர் மூவர்ணக் கொடியின்றி ஒலிம்பிக் கொடியின்கீழ் நடந்து வந்தனர். போட்டி நடந்துகொண்டிருக்கையிலேயே தடை நீங்கியது; அதன்பின்தான் நம் கொடி அங்கே ஏறியது. மேசையில் அமர்ந்தவர்களின் தவறுக்கு, பனியில் சறுக்கியவர்கள் தலைகுனிய வேண்டியதாயிற்று.

உச்ச நீதிமன்றத்தின் ஏற்பாட்டில் நீதியரசர் நாகேசுவர ராவ் சங்கத்தின் விதிகளைத் திருத்தி எழுத, 2022 நவம்பரில் அவை ஏற்கப்பட்டன. பதினைந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு. அதில் விளையாட்டு வீரர் ஆணையத்திலிருந்து ஆண் ஒருவர், பெண் ஒருவர். பொதுச் செயலாளருக்குப் பதிலாக முதன்மைச் செயல் அலுவலர் என மாற்றங்கள் வந்தன. 2022 டிசம்பரில் நம் அண்டை மாநிலத்துப் பய்யோளி ஊரின் பி.டி. உஷா தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவரே. அதோடு சச்சரவு ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2024-இல் செயல் அலுவலர் நியமனத்தைப் பற்றித் தலைவருக்கும் குழுவினர் பலருக்கும் மூண்ட பூசலை நாளேடுகளில் எல்லோரும் படித்தோம். 2025-இல் நாடாளுமன்றம் விளையாட்டு நிர்வாகச் சட்டம் இயற்றியது. விளையாட்டு அமைப்புகளின் நிர்வாகக் குழுவில் பெண்கள் நால்வரேனும் இருக்க வேண்டும் என்றும், வழக்குகளை விரைந்து தீர்க்கத் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்றும் அது கூறுகிறது.

சட்டம் தில்லியில் இயற்றப்படலாம். கையெழுத்து விழவேண்டிய இடம் நம் ஊர்தான். விதி நமக்குத் தெரிந்திருந்தால்தான், விதிப்படி ஏன் நடக்கவில்லை என்று கேட்க முடியும். பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு அழத் தெரிந்தது. எந்தக் கையெழுத்து, எந்த நாளுக்குள், எவர் போட வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை.

இவ்வாண்டு பல்கலைக் கழகத் தடகளப் போட்டிக்கு நம் கல்லூரியிலிருந்து என்னோடு ஐந்து மாணவிகள் பெயர் கொடுத்தனர். ஆறு படிவங்களையும் நானே நிரப்பினேன். உடற்கல்வி இயக்குநர் அவர்களும் முதல்வர் அவர்களும் அன்றைக்கே கையெழுத்திட்டு உதவினர். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னரே படிவங்கள் சென்று சேர்ந்தன. பெற்றுக்கொண்டதற்கான சீட்டையும் வாங்கி வைத்தேன். போட்டியில் 1500 மீட்டரில் நான்காவதாக வந்தேன். முன்னால் ஓடிய மூவரும் என்னைவிட வேகமாக ஓடினார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா சிரித்தார். எனக்கும் வருத்தமில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். பூனாவில் வெறுங்காலோடு ஓடியவர்களும் நம்மைப் போன்றவர்களே. நம்மை இன்னொருவர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டிய காலம் போய்விட்டது. ஓடத் தெரிந்தவர்கள் ஓடுவோம். படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுப்போம். நாளை நம்மில் எவரேனும் கையெழுத்திடும் நாற்காலியில் அமர்ந்தால், உரிய நாளில் கையெழுத்திடுவோம். நேரம் வந்ததும் எழுந்து இடம் விடுவோம். தோராப்ஜி டாட்டாவுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.